செண்பகம் எண்ணும் தலைகள்

ஆட்களை எண்ணும்போது செண்பகம் விரலை நீட்டுவதில்லை. வாயை மூடிக்கொண்டு, ஒரு தலைக்கு ஒரு தரம் நாக்கை மேல் அண்ணத்தில் தட்டுகிறார். பக்கத்தில் நின்றால் அந்தச் சின்ன ‘டொக்’ கேட்கும். காலை ஆறு மணி. மைதானத்தின் எதிர்க்கோடியில் ஓடிக்கொண்டிருக்கும் பெண்கள் பனிக்குள் வெறும் நிழல்களாகத் தெரிகிறார்கள். பதினொரு தரம் தட்ட வேண்டும். தட்டி முடித்துவிட்டு ஒரு நொடி அசையாமல் நிற்கிறார். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

“விரல நீட்டி எண்ணுனா ஆளு கொறைஞ்சிடும்னு எங்க ஊருல சொல்லுவாங்க சார்,” என்றார், அணியைப் பற்றி எழுத வந்த என் பக்கம் திரும்பாமலே. “எனுக்கு இப்போ கொறையிற பயம் இல்ல. கூடுற பயம்.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிய மைதானம் அது. தை மாதக் காலையில் பனியும் உருக்காலைகளின் புகையும் ஒன்றாகக் கலந்து தரையில் படுத்துக்கொள்ளும். ஒன்பது மணி வரை எழுந்திருக்காது. நாக்கில் துருப்பிடித்த ருசி தட்டும். இந்தப் பக்கக் கோல் கம்பத்தில் நின்றால் அந்தப் பக்கக் கோல் கம்பம் சாக்பீஸ் கோடு மாதிரி தெரியும். வாய்க்கால் பக்கம், அதாவது மைதானத்தின் இடது ஓரம், அதுவும் தெரியாது.

செண்பகத்துக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு காலத்தில் மாவட்ட அணியில் பின்வரிசையில் ஆடியவர். இப்போது தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களின் கால்பந்து அணிக்கு மேனேஜர். பல்பு கம்பெனி, செருப்புக் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி என்று ஷிஃப்ட் முடிந்தும் ஷிஃப்டுக்கு முன்பும் வந்து ஆடுகிறவர்கள். செண்பகத்தின் சொந்தப் பிழைப்பு ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில். மாதம் ஒருமுறை ஒத்திகைச் சங்கு ஊதும். எல்லோரும் போட்டது போட்டபடி வேப்பமரத்தடிக்கு ஓடி வருவார்கள். வந்த தலைகளை எண்ணிச் சொல்வது இவர் வேலை. எண்ணிக்கை உதைத்தால், முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே ஆள் போக வேண்டும். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட இவர் எண்ணிக்கை தப்பியதில்லை.

சுடிதாருக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காலில் தேய்ந்த கேன்வாஸ் ஷூ. டீயை ஆறவைத்து, பச்சைத் தண்ணீர்போல ஒரே மூச்சில் குடிப்பார். நடுவர் எவ்வளவு சின்னப் பையனாக இருந்தாலும் “நைனா” என்றுதான் கூப்பிடுவார். பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர் இல்லை. ஆனால் நின்று கத்துகிறவரும் இல்லை. முதன்முறை பார்க்கிறவர்களுக்கு அணியின் தலைவர் யார் என்றே குழப்பம் வரும்.

காரணம், கத்துகிறவர்கள் வேறு மூன்று பேர்.

கோல்கீப்பர் பயிற்சியாளர் அந்தோணி, உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். கோலுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, “லெஃப்ட்ல ஓட்டை கீது, அடைமா!” என்று கூவுவார். உடற்பயிற்சிக்கும் முதலுதவிக்கும் ஜெனிபர். தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் நர்ஸ். ஆட்டத்தில் பந்து எங்கே இருக்கிறது என்று அவர் பார்ப்பதே இல்லை, முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது முன்னேற வேண்டும் என்பதெல்லாம் துளசிராமன் பொறுப்பு. ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்தமாக நெல் பயிரிடுகிற மனிதர், பழைய ஆட்டக்காரர். பைக்கில் ஒரு மணி நேரம் வருகிறார். இவர் அப்பாவின் வயலில் செண்பகத்தின் அம்மா நாற்று நட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் அது தெரியும். துளசிராமன் செண்பகத்தை “மேனேஜரம்மா” என்று கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் அதில் கொஞ்சம் கேலி இருந்ததாம். இப்போது இல்லை.

இடைவேளையில் மூவரும் பேசுவார்கள். செண்பகம் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், “யார்னா எதுனா சொல்லாம வுட்டுட்டீங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான் மேனேஜரின் உரை. இதில் ஒரு சட்டமும் உண்டு. கோல் பக்கத்தில் அந்தோணி சொன்னது சொன்னதுதான். களத்தில் துளசிராமன் சொன்னது சொன்னதுதான். ஒரு பெண்ணின் உடம்பைப் பார்த்து ஜெனிபர் கையைத் தூக்கிவிட்டால் அந்தப் பெண் வெளியே வந்தாக வேண்டும். ஏன் என்று கேட்க செண்பகத்துக்கே உரிமை கிடையாது.

“ஒரு வண்டிக்கு நாலு டிரைவரு. எங்கனா போய்ச் சேருமா?” என்றார் போட்டிகளை நடத்தும் குழுவின் செயலாளரும் கும்மிடிப்பூண்டிக்காரருமான சந்திரமோகன், என் காதில் விழும்படியே. “ஒரு டீமுக்கு ஒரு தலதான் சார் இருக்கணும். இவங்க இப்டி ஆனது அந்தப் பொண்ணு போனதுக்கு அப்புறந்தான்.”

அந்தப் பெண் பூமிகா. இருபத்து மூன்று வயது. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங். இடது ஓரத்தில் ஆடுவாள். வாய்க்கால் பக்கக் கோட்டை உரசிக்கொண்டு அவள் ஓடினால் பந்து காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன், இதேபோல ஒரு தை மாதக் காலையில், அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு நேராக மைதானத்துக்கு வந்தாள். ஆட்டம் சமநிலையில் இருந்தது. ஜெனிபர் செண்பகத்தின் அருகில் வந்து சொன்னார்: “அக்கா, பூமிகா ஒதட்டப் பாருங்க. நெறம் சரியில்ல. வெளிய எடுத்துடலாம்.”

செண்பகம் பார்த்தார். பூமிகா நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். “அஞ்சு நிமிசம் ஜெனிபர்,” என்றார். “அஞ்சே நிமிசம்.”

நான்காவது நிமிடத்தில் பந்து இடது ஓரத்துக்குப் போயிற்று. பூமிகா அதைத் துரத்திக்கொண்டு பனிக்குள் போனாள். பந்து மட்டும் மெதுவாக உருண்டு வெளியே வந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் அவள் வருவாள் என்று காத்திருந்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது செண்பகத்தின் குரல் மாறுவதில்லை. கண் மட்டும் வாய்க்கால் பக்கம் போகிறது.

மூலைக்கொடிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். ஜெனிபர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பிறவியிலிருந்தே இதயத்தில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். யாரும் செண்பகத்தைக் குறை சொல்லவில்லை. ஜெனிபர்கூட அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

செண்பகமே போய்ச் சொன்னார். பதினாறாம் நாள் முடிந்த பிறகு, பூமிகாவின் அம்மா முத்தம்மாவின் வீட்டுக்குப் போய், நின்றபடியே சொன்னார்: “ஜெனிபரு எடுக்கச் சொல்லிச்சு. நாந்தான் அஞ்சு நிமிசம்னு சொன்னேன்.”

முத்தம்மா திட்டுவார், அடிப்பார் என்று தயாராகப் போனாராம். முத்தம்மாவோ, “அப்போ அவள யாரும் வெளிய வரச் சொல்லலியா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லம்மா.”

“அதான்,” என்றார் முத்தம்மா. என்ன அதான் என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

மறுநாளே செண்பகம் அணியை விட்டு விலகுவதாகச் சொன்னார். மூன்று பேரும் அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்தோணிதான் பேசினார். “நீ போனின்னா இன்னொரு ஆளு வருவான் செண்பகம். ஸ்கோரு ஒன்னுக்கு ஒன்னுன்னு நிக்கும்போது அவனும் அஞ்சு நிமிசம்னுதான் சொல்லுவான். அந்த எடத்துல நிக்கிற எவனும் சொல்லுவான். ஆள மாத்தி இன்னா ஆவப்போது? அந்த எடத்த மாத்து.”

அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சட்டம். செண்பகம் தன்னிடமிருந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூவரிடமும் கொடுத்துவிட்டார். ஆளை வெளியே எடுக்கும் முடிவை முதலில் கொடுத்தார். கொடுக்கும்போது, “நா கேட்டாலும் திருப்பிக் குடுக்காத,” என்றாராம் ஜெனிபரிடம். ஆம்புலன்ஸ் நிற்காத மைதானத்தில் அணி இறங்காது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருடமாக ஊரில் அவருக்குப் ‘பொம்மை மேனேஜர்’ என்று பேர். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. அணி முன்பைவிட நன்றாகத்தான் ஆடுகிறது.

எண்ணிக்கை விஷயம் போன வருடம் மார்கழியில் ஆரம்பித்தது.

முதலில் கவனித்தது துளசிராமன். பதினொரு பேரை ஓடவிட்டு, எதிர்ப்பக்கம் போனதும் எண்ணினார். பன்னிரண்டு. பக்கத்தில் வந்ததும் எண்ணினார். பதினொன்று. வயல்காரர், கொக்கை எண்ணிப் பழகின கண். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அந்தோணியும் சொல்லவில்லை. ஜெனிபரும் சொல்லவில்லை. ஒரு மாதம் நான்கு பேரும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு, தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒருநாள் பயிற்சியின்போது அணியின் கேப்டன் தமிழ்செல்வி ஓடி வந்தாள். பல்பு கம்பெனியில் லைன் லீடர், தைரியசாலி. அன்று முகம் வெளுத்திருந்தது. “அக்கா, தெரியாம லெஃப்ட் சைடுல பந்தப் போட்டுட்டேன். அங்க யாரும் இல்ல. ஆனா பந்து திரும்பி வந்துச்சுக்கா. கரெக்டா என் காலுக்கு.”

அந்தப் பக்கம் சுவர் இல்லை. மேடும் இல்லை. தரை வாய்க்காலை நோக்கிச் சரிகிறது. போன பந்து தண்ணீரில்தான் விழும்.

அன்று செண்பகம் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து, ஓடுகிறவர்களை எண்ணச் சொன்னார். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி தன் காதில் வந்து சொல்ல வேண்டும். துளசிராமன் வந்தார். “பன்னெண்டு மேனேஜரம்மா.” ஜெனிபர் வந்தார். “பன்னெண்டுக்கா.” அந்தோணி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, “நா நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்தவன், என்ன வுட்டுடு,” என்றார். செண்பகம் விடவில்லை. “பன்னெண்டுதான். போதுமா?”

பூசாரியைக் கூப்பிடலாம் என்றார் துளசிராமன். அந்தோணி பங்குத்தந்தையிடம் பேசுகிறேன் என்றார். செண்பகம் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. “அவ யார இன்னா பண்ணா? பந்து போட்டா திருப்பிப் போடுறா. வெளிய வரச் சொல்லி யாரும் கூப்புடல, அதான் ஓடிக்கினு கீறா.” பிறகு ஜெனிபரைப் பார்த்தார்.

ஜெனிபருக்கு அழுகை வந்துவிட்டது. “இல்லாதவளுக்கு நா எப்டிக்கா கை தூக்குறது? இருந்தப்பவே எனுக்கு அது குடுக்கலியே.”

இதை எனக்குச் சொன்னது துளசிராமன். அவர் சொன்ன மறுநாள் காலை நானும் எண்ணினேன். நான் சென்னையிலிருந்து முதல் மின்சார ரயிலில், அரைத் தூக்கத்தில் போனவன். பனியில் நிழல் இரண்டாகத் தெரியும் என்பதும் தெரியும். இருந்தாலும் எண்ணியதைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு. இடது ஓரத்தில் ஓடிய கடைசி நிழல் மற்றவர்களைவிடச் சற்று முன்னால் குனிந்து ஓடியது. அருகில் வந்தபோது பதினொரு பெண்கள், மூச்சு வாங்கிக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் அரையிறுதி. எதிரணி திருநின்றவூர். ஏழு மணிக்கு ஆட்டம். எதிர்க் கோல் கம்பம் தெரிந்தால் ஆடலாம் என்பது நடுவரின் கணக்கு. மங்கலாகத் தெரிந்தது. அரையிறுதி என்பதால் இரண்டு ஆம்புலன்ஸ்கள் வேலியோரம் நின்றன. நாஷ்டா பொட்டலங்களோடு நூறு நூற்றைம்பது பேர் கூடியிருந்தார்கள்.

முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் பனி இன்னும் இறங்கியது. தமிழ்செல்வி அன்று ஆடிய ஆட்டத்தை இந்த ஊர் கொஞ்ச காலம் பேசும். பந்தை இடது ஓரத்துக்குத் தட்டிவிடுகிறாள், பனிக்குள் ஓடுகிறாள், திரும்பி வரும்போது பந்து அவளுக்கு முன்னால் உருண்டு வருகிறது. கூட்டம் கைதட்டியது. என் பக்கத்தில் நின்ற துளசிராமன் கைதட்டவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எத்தனை என்று நான் கேட்கவில்லை.

அப்போது ஜெனிபரின் கை உயர்ந்தது. நேராக, விரல்கள் சேர்ந்து.

“அக்கா, தமிழு. வெளிய எடுங்க.”

செண்பகம் திரும்பினார். கேப்டன். ஆட்டமே அவள்தான். இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. செண்பகத்தின் வாய் திறந்ததை நான் பார்த்தேன். “அஞ்...” என்று பாதிச் சொல் வெளியே வந்துவிட்டது. மீதியை உதட்டைக் கடித்து நிறுத்தினார். கீழுதட்டில் ரத்தம் துளிர்த்தது. “நைனா!” என்று கோட்டு நடுவரைக் கூப்பிட்டு, ஆள் மாற்றச் சீட்டை அவர் கையில் திணித்தார்.

கூட்டம் கூச்சல் போட்டது. சந்திரமோகன் வேலியைத் தாண்டி ஓடி வந்து, “உனுக்கு பைத்தியமா? தோத்துடுவம்மா!” என்று கத்தினார். தமிழ்செல்வியும் வர மறுத்தாள். கோட்டருகே நின்றுகொண்டு, மார்பில் கையை வைத்தபடி வாதாடினாள்.

“எனுக்கு ஒன்னும் இல்லக்கா. அவளே இன்னும் ஓடிக்கினு கீறா. நா மட்டும் எப்டி வர்றது?”

செண்பகம் கோட்டைத் தாண்டிப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஜெனிபர் நாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் கைகாட்டினார்.

ஒரு வாரத்துக்கு முன் வந்த காய்ச்சலைத் தமிழ்செல்வி எல்லோரிடமும் மறைத்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. அது இதயத் தசை வரை இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம். மூன்று மாதம் படிக்கட்டுகூட ஏறக் கூடாது, பிறகு சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அரையிறுதி இரண்டுக்கு ஒன்று என்று கைவிட்டுப் போயிற்று. சந்திரமோகன் இன்றுவரை செண்பகத்தோடு பேசுவதில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்தக் காலையில், ஸ்ட்ரெச்சரில் தமிழ்செல்வியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறப்போன ஜெனிபர், கதவைப் பிடித்தபடி நின்றார். இறங்கி ஓடி வந்து செண்பகத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நா இல்லாதப்போ யாரு பாக்குறது? கை தூக்குறத நீங்க வெச்சிக்கோங்கக்கா.”

“வேணாம் ஜெனிபர்.”

“இன்னிக்கு மட்டும். உங்களால முடியும்னு பாத்துட்டேன்.”

வண்டி போய்விட்டது. இரண்டாவது ஆம்புலன்ஸ் நின்றதால் ஆட்டம் மறுபடி தொடங்கியது. பந்து வலப்பக்கம் இருந்தது. அந்தோணி அங்கே பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார், கூட்டமும் அங்கேதான் பார்த்தது. செண்பகம் பெஞ்சை விட்டு விலகி, கோட்டோரமாகச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். மூலைக்கொடிக்குப் பக்கத்தில் நின்றார். எதிரே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்குள் யாரோ ஓடுவதுபோல ஈரப் புல் நசுங்கும் சத்தம் மட்டும் வந்தும் போயும் இருந்தது.

செண்பகம் வலது கையை நேராக உயர்த்தினார், விரல்களைச் சேர்த்து. உயர்த்திய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு வெளியே வரும்படி சைகை செய்தார், அவசரமில்லாமல், இரண்டு முறை. புல்லின் சத்தம் நின்றது. அவர் தன் ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றி, உதறி, வியர்த்து வருகிறவளுக்குப் போர்த்தும் உயரத்தில் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.